அடிமண் பொட்டலம்

"ஐந்நூறு வருஷமா? அப்ப நமக்கு அந்தக் கணக்கே வேண்டாம் தம்பி" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார். ஆறு வருஷமாகிறது. நான் சொன்ன பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், அதில் பிழை ஒன்றும் அகப்படவில்லை. பிழை இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இராதாபுரம் பக்கத்துக்காரர். மானாவாரி ஒரு ஏக்கர், செவல். எங்கள் மண் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக ஒரே ஒரு பை கொண்டுவருவார்கள். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் அரையடிக் குழி வெட்டி, ஓரத்தைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பங்கிட்டு, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும். அது போதும். இவர் மஞ்சப்பைக்குள் இரண்டு பொட்டலம் வைத்திருந்தார், இரண்டும் பழைய தினத்தாளில் சணல் போட்டுக் கட்டியது.

"இது மேல உள்ளது. இது நாலடிக்குக் கீழ உள்ளது. ரெண்டையும் பாத்துச் சொல்லுங்க தம்பி."

"பயிருக்கு மேல்மண்ணு போதும் அண்ணாச்சி. ரெண்டுன்னா ரெண்டு கட்டணம் ஆகும்" என்றேன்.

"ஆகட்டும்."

அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பத்து ரூபாய்க்கும் யோசிக்கிற சம்சாரி, பயிருக்கு ஆகாத அடிமண்ணுக்கு ஏன் பணம் கட்டுகிறார்? நான் ரசீது போட்டுக்கொண்டிருந்தேன்.

பொட்டலங்களை அவர் முன்னாலேயே பிரித்தேன். மேல்மண் கொஞ்சம் கறுத்த சிவப்பு. விரலால் தொட்டால் உதிர்ந்தது. புல் வேர் சல்லிசல்லியாகக் கிடந்தது, ஒரு எறும்பு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து உயிரோடு ஓடியது. அடிமண் பளீரென்ற சிவப்பு, நடுநடுவே வெள்ளைப் புள்ளி. ஒரு வெள்ளைப் புள்ளியை நகத்தால் அழுத்தினேன். மாவாகிவிட்டது. பக்கத்தில் இருந்த வெங்கச்சாங்கல் துணுக்கு அசையவில்லை.

எனக்கு இந்த மாதிரி எதையாவது பார்த்தால் வாய் சும்மா இருக்காது. "இந்த வெள்ளை இருக்கில்ல அண்ணாச்சி, இது ஒரு காலத்துல பாறை. ஃபெல்ட்ஸ்பார்னு பேரு. மழைத்தண்ணி காத்துல உள்ள கரியமில வாயுவக் கரைச்சுக்கிட்டு இறங்கும், வேர் விடுற மூச்சுலயும் கரைச்சுக்கிடும். லேசான புளிப்பு. அந்தப் புளிப்பு பட்டுப் பட்டு இது களியா மாறுது. வெங்கச்சாங்கல் மாறாது, அது மணலா நிக்கும். பாறையில உள்ள இரும்பு துருப்பிடிச்சுத்தான் இந்தச் செவப்பு." பணகுடிப் பக்கம் பொத்தைகளில் பாறை வெங்காயத் தோல் மாதிரி உரிந்து நிற்பதையும் சொன்னேன். அவர் அதைப் பார்த்திருக்கிறார். "ஆமா, ஆடு மேய்க்கப் போவயில கையோட பேந்து வரும்" என்றார். ஆர்வமாகத்தான் கேட்டார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"ஒருத்தர் வந்து கேக்காரு தம்பி. ரோட்டு வேலைக்கு நாலடி எடுத்துக்கிடுதோம்னு சொல்லுதாரு. எடுத்தா, அடியில உள்ளது மேல உள்ளது மாதிரி ஆயிருமா? எத்தன வருஷம் ஆவும்?"

நான் பாடப்புத்தகத்தைச் சொன்னேன். ஒரு அங்குல மண் உருவாக ஐந்நூறு வருஷம், சில இடத்தில் ஆயிரத்துக்கும் மேலே. பாறை என்ன, மழை எவ்வளவு, சரிவு எப்படி என்பதைப் பொறுத்து மாறும். இந்தக் கடைசி வாக்கியம் அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. ஐந்நூறு என்றதுமே சிரித்துவிட்டார். ஐம்பது வருஷம் என்றிருந்தால் பேரன் காலத்துக்காவது ஆகும் என்று யோசித்திருப்பார். ஐந்நூறு என்பது அவருடைய நிலத்துக்கும் குடும்பத்துக்கும் அப்பாற்பட்ட எண். எப்படியும் வராது என்றால் விற்கிறதில் என்ன என்று ஆகிவிட்டது. பயமுறுத்தத்தான் அந்த எண்ணைச் சொன்னேன், அதுவே அவருக்கு வழிவிட்டுவிட்டது. அப்படித்தான் நான் நினைக்கிறேன். அவர் முன்பே முடிவு செய்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவைக்க வந்திருக்கவும் கூடும். மகள் கல்யாணம் என்று ரசீது வாங்கும்போது சொன்னார்.

சரி, நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? என் வேலை மண்ணைச் சோதித்து அட்டை கொடுப்பது. மண் எடுக்கிற அனுமதி வேறு அலுவலகம். சட்டத்தில் அது சிறுகனிமம், அதற்கு 1959ஆம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. விற்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? கல்யாணச் செலவை நானா கொடுக்கப்போகிறேன்? இந்தச் சமாதானம் எனக்குப் பல நாள் போதுமானதாக இருந்தது.

ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. இரண்டு நாள் கழித்து அந்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் அது உறைத்தது. கரிமச்சத்துக்கு டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் ஊற்றுவோம். மேல்மண் குடுவையில் ஆரஞ்சு நிறம் மங்கிப் பச்சை ஏறியது. அடிமண் குடுவை அப்படியே ஆரஞ்சாக நின்றது, எரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. பாறை களியாவதற்குத்தான் ஐந்நூறு, ஆயிரம் எல்லாம். இவருடைய நாலடியில் அந்த வேலை பாதிக்கு மேல் எப்போதோ முடிந்திருந்தது. அதில் இல்லாதது அந்தப் பச்சை நிறம், அதாவது கரிமச்சத்துதான். அது சாணம், தழை, வேர், புழு, எறும்பு சமாச்சாரம். அதற்கு ஐந்நூறு வருஷம் வேண்டாம். முழுதாக வராவிட்டாலும், ஒரு மனிதன் தன் ஆயுளில் கண்ணால் பார்க்கிற அளவுக்கு வரும். குளத்துக் கரம்பை அடிப்பதையும் ஆட்டுக்கிடை போடுவதையும் நான் சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் டிக்கெட்டுக்குப் பின்னால் கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. நாலடி எடுத்தால் 1,74,240 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் 1,742 யூனிட். அதில் மேலே உள்ள அரையடி 218 யூனிட்தான், எட்டில் ஒரு பங்கு. ரோட்டுக்கு அந்த அரையடி ஆகவே ஆகாது. வேரும் மட்கும் கிடந்தால் நாளைக்கு மட்கி அமுங்கிவிடும், சரியாக வேலை செய்கிறவர்கள் வழித்துத் தள்ளிவிட்டுத்தான் கிராவல் எடுப்பார்கள். ஆக, "மேல அரையடிய வரப்போரமா ஒதுக்கிக் குவிச்சு வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, எடுத்து முடிச்சதும் அதையே திருப்பிப் பரப்பச் சொல்லுங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வாங்குகிறவருக்கும் நட்டமில்லை. சுரங்கம் தோண்டுகிற இடங்களில் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த விஷயம், அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. ஃபெல்ட்ஸ்பார் வந்தது.

ரசீதில் அவருடைய செல் நம்பர் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மண்ணை எப்படி விற்பது என்று அலுவலகத்து ஆள் போன் போட்டுச் சொன்னான் என்று நாளைக்குப் பேச்சு வரும் என்று பயந்தேன். இதை எழுதும்போதே அது எவ்வளவு உண்மை என்று சந்தேகமாக இருக்கிறது. சோம்பலாகவும் இருந்திருக்கலாம். அட்டையைத் தபாலில் அனுப்பினோம். அதில் இரண்டு மாதிரிக்கும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, உர அளவு எல்லாம் இருந்தது. அடிமண்ணுக்கும் என்ன உரம் போடலாம் என்று அச்சடித்திருந்தது. நான்தான் கையெழுத்து.

இரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஒரு குழியைப் பார்த்தேன். அவருடையதா என்று விசாரிக்கவில்லை. அந்த வட்டாரத்தில் அப்படிப் பல. ஓரத்தில் வெட்டுச்சுவர் நின்றது, மேலே ஒரு சாண் கறுப்பு, அதற்குக் கீழே முழுக்கச் சிவப்பு, அடியில் வெள்ளை திட்டுத்திட்டாக. வகுப்பில் படம் வரைந்து காட்டுகிற மாதிரி அவ்வளவு சுத்தம். தரையில் மழைத்தண்ணீர் தேங்கி, சுற்றிலும் உடைமரம் முளைத்திருந்தது. காற்றாலை இறக்கையின் நிழல் அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போனது. நாலு போட்டோ எடுத்தேன். பயிற்சி வகுப்பில் மண் அடுக்குகளைக் காட்ட இன்றும் அதைத்தான் போடுகிறேன், நல்ல படம். எங்கே எடுத்தது என்று யாரும் கேட்டதில்லை.

போன மாதம் திசையன்விளைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். அவரிடம் ஒரு பைதான் இருந்தது. பேச்சுவாக்கில், பக்கத்து நிலத்தில் எடுக்கிறார்கள், எங்களையும் கேட்கிறார்கள், எடுத்தால் மண் மறுபடி வர எவ்வளவு நாளாகும் சார் என்றார். ஆறு வருஷமாகத் தயார் செய்து வைத்திருக்கிற பதில். அரையடி, வரப்போரம், 218 யூனிட், எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் எடுக்கலாம் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடாதா என்று ஒரு கணம் தோன்றியது.

"ஒரு அங்குலத்துக்கு ஐந்நூறு வருஷம்மா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் பேனாவை வாங்கி ரசீதின் பின்னால் 500 என்று எழுதிக்கொண்டு போனார்.