வகிடெடுக்கும் வேலை

சென்னையில் ஒரு தனியார் நரம்பியல் மருத்துவமனையில் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. சோதனை எடுக்கும் பணியில் சேர்ந்து எனக்குப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரவேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாலும், எண்ணெய் காணாத தலையோடு பிள்ளையை வெளியே அழைத்துவர நம் தாய்மார்களுக்கு மனம் ஒப்புவதில்லை. அதனால் பல நாட்கள் என் வேலை பஞ்சால் தேங்காய் எண்ணெயைத் துடைப்பதில்தான் தொடங்கும். பிறகு புருவங்களுக்கு நடுவிலுள்ள குழியிலிருந்து பிடரி மேடு வரை டேப் வைத்து அளந்து, பென்சிலால் குறியிட்டு, குறிதோறும் வகிடெடுத்துப் பேஸ்ட் தடவி, மின் அலைகளைப் பிடிக்கும் 21 எலெக்ட்ரோடுகளை ஒட்டவேண்டும்.

முன்பு தலையில் அடிபட்டதுண்டா, பிரசவத்தில் சிக்கல் உண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் வலிப்பு உண்டா என்று படிவத்தில் கேட்டிருப்போம். எல்லாவற்றுக்கும் நேரே ‘இல்லை’ என்றே எழுதியிருப்பார்கள். சென்ற ஆண்டு, வீடுகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் ஒருவர் தம் தம்பியோடு வந்தார். அந்த இளைஞரின் வலது காதுக்கு மேலே முடியை விலக்கியபோது கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தழும்பு தட்டுப்பட்டது.

“இது என்ன தம்பி?”

“அது பழசுக்கா. வண்டியில இருந்து விழுந்தேன், அஞ்சு வருஷம் ஆச்சு.”

அன்று அரைநாள் நினைவில்லாமல் கிடந்தாராம். நினைவு தப்பும் அளவுக்குத் தலையில் அடிபட்டவருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வலிப்பு தொடங்கலாம் என்பதால், அந்தத் தழும்பு மருத்துவருக்கு மிகவும் வேண்டிய செய்தி. குழந்தைகள் என்றால் பிறந்தவுடன் அழாதது, முதியவர்கள் என்றால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொண்டுவந்து சேர்த்த பக்கவாதம் என்று, வயதுக்கேற்பக் காரணமும் மாறுகிறது. நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வந்தவர்களில், “நாங்க சுத்த சைவமாச்சே” என்று திகைப்பவர்களும் உண்டு. பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும், சரியாகக் கழுவாத காய்கறியிலிருந்தோ, புழு உள்ளவரின் கழுவாத கையிலிருந்தோ அந்த முட்டை வந்துவிடுகிறது.

நரம்பு மண்டல நோய்கள் என்று மொத்தமாக எடுத்துக்கொண்டால், 2021இல் உலகில் 340 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒன்று இருந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு தலைவலிதான். வலிப்பு மட்டும் ஆயிரத்தில் 4 முதல் 10 பேருக்கு இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையில் 46 லட்சம் பேர் இருந்தார்கள். அதை வைத்துப் பார்த்தால்கூட குறைந்தது 18,000 பேர் ஆகிறது. என் தெருவில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன், தமக்கு வலிப்பு உண்டு என்று வெளியே சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. திருமணத்தைச் செல்லாததாக்க வலிப்பையே காரணமாகக் காட்ட இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வழியை 1999இல் நீக்கிவிட்டார்கள். ஆனாலும், “தலைவலின்னு போட்டுக்கோங்கம்மா, வரன் பார்த்துட்டிருக்கோம்” என்று காதருகே வந்து கேட்கும் தாய்மார்கள் இன்னும் வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதிவு முடியும்வரை அழுதுகொண்டே நின்ற ஒரு தாயிடம், “நார்மலாத்தான் இருக்கு, பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டேன். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் பதிவில் எதுவும் பிடிபடாமல் போகலாம் என்பது எனக்குத் தெரிந்ததுதான். அவர் என் பேச்சை நம்பிக் குழந்தைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் அதே குழந்தையை நிற்காத வலிப்போடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவந்தார்கள். குழந்தை பிழைத்தது. அன்றிலிருந்து பதிவைப் பற்றி யார் கேட்டாலும் நான் வாய் திறப்பதில்லை.

அந்த இளைஞர், முடியில் காய்ந்திருந்த பேஸ்ட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, “வண்டி ஓட்டலாமாக்கா?” என்று கேட்டார். ஓட்டுநர் உரிம விண்ணப்பத்திலும் வலிப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு அவர் என்ன எழுதுவார் என்று நான் கேட்கவில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். தழும்பின் அளவைப் படிவத்தில் குறித்தேன். அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, சாவியை மட்டும் தம்பியிடம் கொடுக்கச் சொன்னேன்.