அரைக் கல் வெட்டாத திரை

போன மே மாதம் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வெயில் ஏறியதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு, அதாவது வீட்டின் உள்முற்றத்துக்கு, வந்துவிடுவான், அங்கே தரை குளிர்ச்சியாக இருக்கும். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "மாமா, கார் ரேஸ் திக்கித் திக்கி வருது. ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டான்.

லேப்டாப் பழையது, யாரிடமோ வாங்கியது. இன்டெல் ஐ5-1035ஜி1 பிராசசர், அதோடு படம் வரைய என்விடியா எம்எக்ஸ்330 கிராஃபிக்ஸ் சிப். திரை 1920×1080, 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும். கேமில் ஒரு நொடிக்கு 30 ஃபிரேம்கூட நிலையாக வரவில்லை. நிழல், புல், கண்ணாடிப் பிரதிபலிப்பு எல்லாவற்றையும் ஏற்கெனவே குறைத்து வைத்திருந்தான். மீதம் இருந்தது ரெசல்யூஷன் ஒன்றுதான், அதாவது படத்தை எத்தனை புள்ளிகளில் வரைவது என்பது.

1280×720 வைத்துப் பார்த்தோம். ஓட்டம் நன்றாக இருந்தது, ஆனால் படத்தின் மேல் எண்ணெய் தடவியதுபோல ஒரு மங்கல். "இதுக்குப் பழசே தேவலாம்" என்றான். அவன் சொன்னது சரிதான். ஏன் மங்குகிறது என்று அவனுக்கு விளக்கும்போதுதான் எனக்கே அது முழுசாகப் புரிந்தது.

நான் ஆத்தங்குடியில் ஒரு கல் பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி எடுக்கிற கல். எங்கள் வளவிலும் அந்தக் கல்தான். அவனைத் தரையைப் பார்க்கச் சொன்னேன். லேப்டாப் திரையும் இப்படிப் பதித்த தரைதான். 1920 கல் அகலம், 1080 கல் நீளம். ரெசல்யூஷனைக் குறைத்தால் கல்லின் எண்ணிக்கை குறையாது. வரைகிற படம்தான் சிறிதாகும். அந்தச் சின்னப் படத்தை எல்லாக் கல்லிலும் பரப்ப வேண்டும். 1280-ஐ 1920-இல் பரப்பினால் ஒரு புள்ளிக்கு ஒன்றரைக் கல். திரையில் அரைக் கல் வெட்ட முடியாது. அதனால் நடுவில் இருக்கிற கல்லுக்கு இரண்டு பக்கத்து நிறத்தையும் கலந்து பூசுகிறது. அந்தக் கலவைதான் மங்கல்.

சரி, முழுக் கல்லாகவே போகிற அளவு எது? 960×540. ஒரு புள்ளிக்கு அகலத்தில் இரண்டு, நீளத்தில் இரண்டு, மொத்தம் நான்கு கல். 1080-இல் 20,73,600 புள்ளிகள் வரைய வேண்டும். 540-இல் 5,18,400 போதும், சரியாகக் கால் பங்கு. விளிம்பும் கூர்மையாகவே நிற்கும். ஆனால் அதற்கு கிராஃபிக்ஸை இயக்குகிற மென்பொருளான டிரைவர் புள்ளிகளைக் கலக்காமல், அப்படியே நான்காகப் பெருக்கிக் கொடுக்க வேண்டும். இன்டெல்லில் இதற்கு இன்டிஜர் ஸ்கேலிங் என்று பெயர். 2019-இல் வந்தது, ஐஸ் லேக் என்ற இன்டெல் பிராசசர் குடும்பத்தின் கிராஃபிக்ஸில் இருந்துதான் உண்டு. இதை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பெட்டியில் "10ஆம் தலைமுறை" என்று போட்டிருந்தாலே வந்துவிடாது. அதே தலைமுறையில் காமெட் லேக் என்று இன்னொரு குடும்பம் இருக்கிறது, அதில் பழைய கிராஃபிக்ஸ். இந்தத் தலைமுறையில் பிராசசர் பெயர் ஜி1, ஜி4, ஜி7 என்று முடிந்தால் அது ஐஸ் லேக். இவனுடையது ஜி1. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த தடை, 960×540 பட்டியலிலேயே இல்லை. நாமாகச் சேர்க்க வேண்டும். என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்தால், கஸ்டம் ரெசல்யூஷன் சேர்க்கிற டிஸ்ப்ளே பகுதியே காணோம். 3டி அமைப்புகள் மட்டும் இருந்தன. டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டோம். ஒரு மத்தியானம் அதிலேயே போனது. விஷயம் டிரைவரில் இல்லை, வயரில் இருந்தது. இந்த மாதிரி இரட்டை கிராஃபிக்ஸ் லேப்டாப்பில் என்விடியா சிப் படத்தை வரைந்து, இன்டெல்லின் கையில் கொடுத்துவிடும். திரையோடு வயர் போவது இன்டெல்லில் இருந்துதான். என்விடியா 2010-இல் கொண்டுவந்த ஆப்டிமஸ் ஏற்பாடு அது. பேட்டரி மிச்சமாக வேண்டும் என்று செய்தது. ஆக திரையைப் பற்றிய எதையும் வயர் போகிற பக்கத்தில்தான் கேட்க வேண்டும். இதை முதலில் தெரிந்துகொண்டிருந்தால் அந்த மத்தியானம் மிச்சமாகியிருக்கும். உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

கஸ்டம் ரெசல்யூஷன் யுட்டிலிட்டி என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு திரைக்குள்ளும் தன் அளவுகளைச் சொல்லும் ஒரு சீட்டு உண்டு, இ.டி.ஐ.டி. என்பார்கள், அடிப்படைப் பகுதி 128 பைட். இந்த மென்பொருள் அந்தச் சீட்டைத் தொடுவதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கிற ரெஜிஸ்ட்ரியில் மாற்றுச் சீட்டு ஒன்றை எழுதி வைக்கும், டிரைவர் அதைப் படித்துக்கொள்ளும். அதில் 960×540, 60 ஹெர்ட்ஸ் சேர்த்து, டிரைவரைத் திரும்பத் தொடங்க வைப்பதற்காகக் கூடவே வருகிற ரீஸ்டார்ட்64 கோப்பை ஓட்டினோம். பட்டியலில் வந்துவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸை 75 ஆக்கினால் இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடுமே என்று எனக்கு ஆசை. புதிதாக ஒரு வரி சேர்ப்பதற்குப் பதில் முதல் வரியையே மாற்றினேன். அந்த முதல் வரிதான் திரையின் சொந்த அளவு. 1920×1080-க்கு ஓரத்து இடைவெளியும் சேர்த்து 2080×1111 என்று கணக்கு. 60 ஹெர்ட்ஸுக்கு நொடிக்குச் சுமார் 13.9 கோடி புள்ளிகள் போக வேண்டும். 75-க்கு 17.3 கோடி. அந்தத் திரையால் தாங்க முடியவில்லை. ஒரேயடியாக இருட்டு. விண்டோஸில் சாதாரணமாக ரெசல்யூஷனை மாற்றினால், வேண்டுமா வேண்டாமா என்று 15 நொடி காத்திருந்து, பதில் வராவிட்டால் பழையபடி ஆக்கிவிடும். இந்த வழியில் அந்தக் கேள்வியே வராது.

பையன் முகம் வாடிவிட்டது. அது அவன் அப்பா சேர்த்து வைத்து வாங்கிக் கொடுத்த லேப்டாப். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முகப்பில் ஆத்தா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். "ஆத்தா, பத்து நிமிஷம் குடுங்க" என்று கேட்டு, ஹெச்டிஎம்ஐ கேபிளை டி.வி.யில் மாட்டினேன். டி.வி.க்குத் தன் சொந்தச் சீட்டு இருக்கிறது, நான் கெடுத்தது லேப்டாப் திரைக்கு எழுதிய மாற்றுச் சீட்டை மட்டும்தான். விண்டோஸ் பொத்தானோடு பி-யை அழுத்தி, படத்தை டி.வி.க்கு மாற்றினோம். டெஸ்க்டாப் வந்தது. அதே ஃபோல்டரில் இருந்த ரீசெட்-ஆல் கோப்பை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்ததும் லேப்டாப் திரை உயிர் பெற்றது. "முடிஞ்சுச்சாப்பா?" என்று ஆத்தா கேட்டபோது பையன் ஓடிப்போய் அவர் கையில் ரிமோட்டைக் கொடுத்தான். டி.வி. இல்லாதவர்கள் சேஃப் மோடில் போய் அதே கோப்பை ஓட்டலாம். அங்கே அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர் மட்டும்தான் இருக்கும்.

மறுநாள் காலையில் முதல் வரியைத் தொடாமல் 960×540-ஐ மட்டும் திரும்பச் சேர்த்தேன். இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டரில் ரெட்ரோ ஸ்கேலிங் பகுதிக்குப் போய், இன்டிஜர் முறையைத் தேர்ந்தெடுத்தேன். புள்ளிகள் கால் பங்கானதால் வேகம் நான்கு மடங்கு ஆகிவிடாது, பிராசசர் செய்கிற வேலை அப்படியே இருக்கிறதல்லவா. ஆனால் 60-ஐ ஒட்டி நிலையாக ஓடியது. வளைவில் கார் திரும்பும்போது திக்கல் இல்லை. படம் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும், மங்கல் கிடையாது. எழுத்து நிறைய வருகிற கேம்களுக்கு 540 ஒத்துவராது, வாசிக்கவே முடியாது. அவற்றுக்கு இன்டிஜர் முறையை நிறுத்திவிட்டு 1600×900 வைத்து, மங்கலைப் பொறுத்துக்கொள்கிறான்.

டிரைவர் ஒருமுறை தானாகப் புதுசானபோது ஸ்கேலிங் அமைப்பு போய்விட்டது என்று தன் ஊரில் இருந்து போன் செய்தான். எதை எங்கே மாற்றினோம் என்று நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன், அதைப் பார்த்து அவனே சரிசெய்துவிட்டான். அப்புறம் ஒரு கேள்வி: "மாமா, என் ஃபிரண்ட் லேப்டாப் 10210யூ. அதுல வருமா?" வராது, அது காமெட் லேக். அடுத்த லீவுக்கு அந்த ஃபிரண்டையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம்.