கிழிந்த ஆவாரம்பூ அட்டை: நாட்டு மருந்துக் கடை இணையதளம், ஐந்தாவது வாரம்

ஒரு நாட்டு மருந்துக் கடையின் இணையதளத்தை மாற்றி வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று புதிய தளத்தின் ப்ரோட்டோடைப்பை (சோதனை மாதிரியை) ஐந்து பேர் கையில் கொடுத்துப் பார்த்ததில், ஐந்து பேரில் நான்கு பேர் சீயக்காய்ச் சாமான் முழுவதையும் எடுத்து முடித்துவிட்டார்கள். முதல் வாரம் பழைய தளத்தில் இதே வேலையை வேறு ஐந்து பேரிடம் கொடுத்தபோது முடித்தவர் ஒருவர்தான், அவரும் கூகுளில் தேடி உள்ளே வந்தவர். அதனால் இரண்டு நாளைக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் திரிவேன்.

கடை மதுரை கீழமாசி வீதிப் பக்கம். பழைய மெனு: வேர், பட்டை, விதை, பூ, பொடி, இதர. சரக்கு நோட்டை அப்படியே பார்த்து இறக்கியிருக்கிறார்கள், பாதிப் பொருள் ‘இதர’வுக்குள் கிடக்கிறது. வசம்பைத் திறந்தால் தலைப்பு ‘அகோரஸ் காலமஸ்’. ‘பேர் சொல்லாதது கொடுங்க’ என்று கேட்டு வாங்கும் பாட்டிக்கு லத்தீன்!

எனக்கும் முதலில் புத்தி ‘சளி, வயிறு, தலைமுடி’ என்று உபாதை வாரியாகத்தான் போனது. வயர்ஃப்ரேம்கூட (பக்கத்தின் கோட்டு வரைபடம்) போட்டுவிட்டேன். நல்லவேளையாக, அதற்கு மேல் போகாமல் கார்டு சார்ட்டிங்குக்கு உட்கார்ந்தேன்: பொருள் பெயர் எழுதிய அட்டைகளைக் கொடுத்து, எது எதோடு சேரும் என்று குவிக்கச் சொல்வது. 42 பொருள், 16 பேர். (பயனர் சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று 2000-இல் எழுதிய அதே யாகோப் நீல்சன், இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர், கார்டு சார்ட்டிங்குக்குப் பதினைந்து பேர் வேண்டும் என்று 2004-இல் எழுதினார். முதலாவதை மட்டும் படித்துவிட்டு ஐந்தோடு நிறுத்துபவர்கள் நிறைய.) ஆன்லைன் கருவி வேண்டாம், காகித அட்டைதான் என்று முடிவு செய்தேன். கடைக்கு வரும் அம்மாக்களிடம் லேப்டாப்பை நீட்டினால் பொருளைப் பார்க்க மாட்டார்கள், மவுஸைத்தான் பார்ப்பார்கள்.

அட்டைக்கு ஒரு வழி சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் கட்டிங் மெஷினுக்குக் கீழே ஓரத்துண்டுகள் குவிந்து கிடக்கும். 300 ஜிஎஸ்எம் கனத்த அட்டை, ஒரு பக்கம் வெள்ளை. கேட்டால் ஒரு பை நிறைய அள்ளித் தருவார்கள். டீ வாங்கிக் கொடுத்தால் ஒரே அளவில் வெட்டியும் தருவார்கள். என் அட்டைகள் சிலவற்றின் பின்னால் யாரோ ஒருவரின் சுபமுகூர்த்த நேரம் இருந்தது. அதையும் இரண்டு பேர் படித்துவிட்டுத்தான் அடுக்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாவதாக வந்த அம்மா சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம் என ஒரு குவியல் வைத்தார். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ரோஜா மொட்டு என இன்னொன்று. கையில் ஆவாரம்பூ. அங்கே வைத்தார், எடுத்தார், இங்கே வைத்தார், எடுத்தார். அப்புறம் அட்டையை நடுவில் கிழித்து, ‘ஆவா’வை ஒரு பக்கமும் ‘ரம்பூ’வை மறுபக்கமும் வைத்துவிட்டு, “ரெண்டுலயும் போட்டுத்தானப்பா அரைப்போம்?” என்றார்.

அவர் அடுக்கியது மில்லுக்கு எது எதோடு போகும் என்ற கணக்கில்தான். அதற்கப்புறம் கவனித்தால் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் அடுக்கினார்கள்: லேகியச் சாமான், சீயக்காய்ச் சாமான், குளியல் பொடிச் சாமான். நான் போட்டிருந்த உபாதைப் பட்டியல் அன்றோடு குப்பைக்கூடைக்குப் போனது. பெரும்பாலான ஆன்லைன் கருவிகளில் ஒரு பொருளை ஓர் இடத்தில் வைத்தால் நகர்ந்துவிடும், அவ்வளவுதான். கிழிக்க முடியாது. அங்கே செய்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

நான்காவது ஆளிலிருந்து, ஒரே பொருளை இரண்டு இடத்தில் வைக்க நினைப்பவர்கள் எழுதிக்கொள்ள வெற்று அட்டைகளையும் பக்கத்தில் வைத்தேன். ஆனால் முதல் இரண்டு பேருக்கு அந்த வாய்ப்பு இல்லை. என் எண்களில் அந்த ஓட்டை இருக்கிறது, திரும்பக் கூப்பிட வேண்டும்.

சரி, கிழிந்த அட்டையை எப்படி எண்ணுவது? 42 பொருள் என்றால் 861 ஜோடி, ஒவ்வொரு ஜோடியையும் எத்தனை பேர் ஒன்றாக வைத்தார்கள் என்று எக்செலில் நிரப்பினேன். ஆவாரம்பூவை இரண்டு பக்கமும் வைத்தவர்கள் 9, சீயக்காயோடு மட்டும் 3, கஸ்தூரி மஞ்சளோடு மட்டும் 2, வேறெங்கோ 2. கிழித்ததற்கு அரை அரை மதிப்பெண் போட்டால் சீயக்காய்ப் பக்கம் 7.5, மஞ்சள் பக்கம் 6.5. ஒரே குழு என்று சொல்ல நான் வைத்திருந்த கோடு 8. பூ எந்தக் குழுவிலும் சேராமல் அனாதையாக நின்றது! முழு மதிப்பெண் போட்டால் சீயக்காய்ப் பக்கம் 12, மஞ்சள் பக்கம் 11. அப்போது இந்த எண்களை வைத்துப் பொருள்களைக் கிளை கிளையாகச் சேர்த்துக் கிளைப்படம் வரையும் மென்பொருள் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சீயக்காய்க் கிளையில் தொங்கவிட்டு, மஞ்சளோடு இருந்த உறவை அறுத்துவிட்டது. இரண்டு ராத்திரி இதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் கிளைப்படத்தை மூடி வைத்துவிட்டு, எந்தப் பொருளுக்கு இரண்டு இடத்தில் எட்டுக்கு மேல் வருகிறதோ அதை இரண்டு பக்கத்திலும் காட்டுவது என்று முடித்தேன். சுக்கு, வெந்தயம், ஆவாரம்பூ மூன்றும் தேறின.

இதைப் பெருமையாகக் கடைக்கார அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் எழுந்துபோய் அலமாரியைத் தட்டினார். “ஆவாரம்பூவ நானும் ரெண்டு டப்பாவுலதான் வச்சிருக்கேன் தம்பி. சீயக்காய்க்குப் பக்கத்துல ஒண்ணு, மஞ்சளுக்குப் பக்கத்துல ஒண்ணு. ரெண்டு சனிக்கிழமை இங்கனதான உக்காந்திருந்தீங்க?” உட்கார்ந்திருந்தேன். வாடிக்கையாளர் முகத்தையே பார்த்துக்கொண்டு.

திரை வடிவமைக்கும் மென்பொருளான ஃபிக்மாவில் தமிழ் எழுத்து பற்றி ஒரு புலம்பல். ஆங்கிலத்துக்குப் போட்ட வரி உயரத்தில் தமிழை ஊற்றினால் ‘கூ’வின் வாலும் ‘சி’யின் கொக்கியும் வெட்டுப்படும். ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ எழுத்துருவுக்கு வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.6 மடங்கு வைத்த பிறகுதான் பொத்தான்கள் மூச்சுவிட்டன.

நேற்று முடிக்காமல் நின்ற அந்த ஐந்தாவது ஆளும் பொத்தானில்தான் நின்றார். ‘கூடையில் சேர்’ என்பதைப் படித்துவிட்டு, “கூடை நான் கொண்டு வரணுமா?” என்று கேட்டார். கடைக்கு போன் செய்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? ‘எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கிறேன்.’ பொத்தானை ‘எடுத்து வையுங்கள்’ என்று மாற்றியிருக்கிறேன், இன்னும் யாரிடமும் காட்டவில்லை.

அதற்குள் மனசு படம் எடுப்பதில் ஓடுகிறது. சித்தரத்தையும் பூலாங்கிழங்கும் துண்டாக இருந்தால் போனில் ஒரே மாதிரி தெரிகின்றன. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுக்கலாம் என்று தெர்மாகோல் பெட்டி ஒன்றைத் தயார் செய்துவிட்டேன். அதுவும் அரைகுறையாக நிற்கிறது.

உண்மையில் அடுத்து முடிக்க வேண்டியது தளத்தில் அளவைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி. நான் 50 கிராம், 100 கிராம் என்று வைத்திருக்கிறேன். கல்லாவில் கேட்கும் குரலோ ‘இருபது ரூபாய்க்கு வசம்பு’, ‘பத்து ரூபாய்க்கு ஓமம்’. ரூபாயை வைத்தால் விலை ஏறும்போதெல்லாம் கிராம் மாறும். அண்ணாச்சியிடம் கேட்டேன். “இருபது ரூபாய்க்கு எவ்வளவுன்னு என் கைக்குத் தெரியும் தம்பி, உங்க கம்ப்யூட்டருக்கு நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் பொட்டலம் மடிக்கப் போய்விட்டார்.