பின் ஒழுங்கை

யாழ்ப்பாண நகரத்துப் பழைய வீடுகளின் பின்மதிலில், முழங்கால் உயரத்தில் ஒரு சின்னப் பலகைக் கதவு இருக்கும். இப்போது அநேகமாகக் கல்லு வைத்து அடைத்துப் பூசிவிட்டார்கள். பூச்சின் நிறம் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். அதை வைத்தே நான் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் கதவுக்கு உள்ளேதான் வாளிக் கக்கூசு இருந்தது. விடியமுன்னம் சுகாதாரத் தொழிலாளி பின் ஒழுங்கையால் வந்து, வாளியை இழுத்தெடுத்து, வண்டியில் கொட்டிவிட்டுப் போவார். எத்தனையோ வீட்டுக்காரர் அவருடைய முகத்தையே கண்டதில்லை.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகச் சேர்ந்தது 1970களின் கடைசியில். வாளிகள் ஒழிந்துகொண்டிருந்த காலம் அது. பயிற்சி களுத்துறையில். இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் தொடங்கிய ஊர் அது. பயிற்சி முடிந்து வந்தபோது என் பையில் இருந்த சட்டங்களில் முக்கியமான இரண்டும் வெள்ளைக்காரன் காலத்தவை: 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம், 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம்.

இந்த இரண்டாவது சட்டம் பயத்தில் பிறந்தது. 1896இல் பம்பாய்த் துறைமுகத்தில் பிளேக் தொடங்கியது. அடுத்த வருடமே இந்தியாவில் ஒரு சட்டம், இலங்கையில் ஒரு சட்டம். இரண்டுக்கும் 1897இன் மூன்றாம் இலக்கம்தான். அதைப் படித்தால் கப்பல், பயணி, சரக்கு என்று கடலைப் பார்த்தபடியே போகும். அக்கரையிலிருந்து தோட்டவேலைக்கு வந்த சனத்தைத் தமிழ்நாட்டுக் கரையில் இருந்த மண்டபம் முகாமில் மறித்து வைத்ததும் இதே சிந்தனையால்தான். அப்படியெல்லாம் மறித்தும் 1914இல் பிளேக் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. துறைமுகத்தைக் காப்பது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் துறைமுகத்தையே பார்த்துப் பழகிய நிர்வாகம் வீட்டின் பின்வளவைப் பார்க்கப் பழகவில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நானும் வேலைக்கு வந்தேன்.

வேலைக்கு வந்து இரண்டு மழைக்காலம் கழிந்திருக்கும். ஒரே ஒழுங்கையில் ஐந்து பிள்ளைகளுக்கு நெருப்புக் காய்ச்சல், அதாவது தைபொயிட். நான் முதலில் தேநீர்க் கடைக்குப் போனேன், பிறகு ஐஸ்கிறீம் கடைக்கு, அப்புறம் பள்ளிக்கூட வாசலில் கச்சான் விற்றவரிடம். ஒன்றும் பிடிபடவில்லை. சுகாதாரத் தொழிலாளர்களுக்குக் கங்காணியாக இருந்தவர் இரண்டு நாள் நான் அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். அவருடைய தகப்பன் நகரத்து வாளி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்.

“ஐயா, முன்வாசலால போனா என்ன தெரியும்? பின்னால வாங்கோ” என்றார்.

போனோம். மதிலில் அடைத்த கதவைக் கையால் தட்டிக் காட்டினார். “வாளி இருந்த இடத்திலதான் குழி வெட்டினது. நான்தான் வெட்டினனான். மதிலுக்கு அங்கால அடுத்த வீட்டுக் கிணறு. அப்பவே சொன்னனான், ஆர் கேட்டது?”

நாடாவைப் பிடித்து அளந்தேன். கக்கூசுக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடி இருக்கவேண்டும் என்று படித்தவன் நான். அங்கே இருந்தது பதினான்கு அடி.

யாழ்ப்பாணத்தை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. எங்கள் குடாநாட்டில் ஆறு இல்லை. மழைக்கு ஓடும் வழுக்கையாற்றை ஆறு என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். குடிக்கிறது, குளிக்கிறது, தோட்டத்துக்கு இறைக்கிறது எல்லாம் நிலத்தடி நீர். கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். உள்ளே வெடிப்பும் பொந்தும். மணல் என்றால் அழுக்கை ஓரளவு வடிகட்டும். இந்தக் கல்லுக்குள் தண்ணீர் வாய்க்காலில் போவதுபோலப் போய்விடும். வாளி முறை மனிதனை மிகக் கேவலப்படுத்திய முறை, ஒழியத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வாளியில் வெளியே போன மலம் அதற்குப் பிறகு நிலத்துக்குள் இறங்கியது. சின்ன வளவுகளில் குழியை வேறு எங்கே வெட்டுவது என்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்த ஒருவரிடம் யாரும் கேட்கவுமில்லை.

அளந்து முடிய அந்த வீட்டம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். எனக்குக் கண்ணாடிக் கிளாசில், “குடியுங்கோ தம்பி” என்று. கங்காணி வேலியில் கொழுவியிருந்த ஒரு தகரப் பேணியைத் தானே எடுத்து நீட்டினார். அம்மா கை படாமல் உயரத்தில் இருந்து ஊற்றினார். அவர் குடித்து, பேணியைக் கழுவி, திரும்பவும் வேலியிலேயே கொழுவினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அறிக்கையில் ‘கங்காணி தந்த தகவலின்படி’ என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி அந்த வரியை மட்டும் சிவப்பு மையால் வெட்டினார். “அவை சொல்லி நாங்கள் எழுதுறதோ?” என்று கேட்டார். அந்தத் தாளின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

கிணற்றுக்குக் குளோரின் போடுவதிலும் கங்காணிக்குத்தான் பக்குவம் தெரியும். கணக்கு என்னுடையது. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதைத் தண்ணீரின் ஆழத்தாலும் ஐந்தாலும் பெருக்கினால் கலன் கணக்கு வரும். பத்தடி விட்டம், எட்டடித் தண்ணீர் என்றால் நாலாயிரம் கலன், ஏறக்குறையப் பதினெட்டாயிரம் லீற்றர். ஆயிரம் லீற்றருக்கு இரண்டரைக் கிராம் குளோரின் தூள் என்று பார்த்தால் 45 கிராம் போதும். தூளை முதலில் களியாகக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை வைத்திருக்க வேண்டும். தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு ஊற்றி, கயிற்றில் கட்டி, தண்ணீருக்கு உள்ளே இறக்கி மேலும் கீழும் ஆட்டவேண்டும். அவசரக்காரர் மேலிருந்து அப்படியே கொட்டிவிடுவார்கள். அவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் குழி அந்த இடத்திலேயே இருந்தால் இதெல்லாம் ஒரு கிழமைக்குத்தான். குழியிலிருந்து கசியும் நைத்திரேற்று என்ற உப்பைக் குளோரின் தொடவே தொடாது. உலக சுகாதார நிறுவனம் அதற்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து.

பெரிய கஷ்டம் சொல்வதில்தான் இருந்தது. “பக்றீரியா” என்றால் தலையாட்டிவிட்டு அதே தண்ணீரைக் குடிப்பார்கள். “பக்கத்து வீட்டுக் குழித்தண்ணி உங்கட கிணத்துக்கு வருது” என்றால் உடனே விளங்கும், ஆனால் அன்று பின்னேரமே வேலிச்சண்டை தொடங்கும். எங்கள் ஊரில் வேலிச்சண்டை தலைமுறைக்கும் நிற்கும். அதனால் இரண்டு வீட்டாரையும் ஒன்றாக இருத்தி, குழியை மாற்றும்வரை கொதித்தாறிய தண்ணீர் குடிக்கச் சொல்லுவேன். இந்த இடத்தில் எனக்கு மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் நினைவு வரும். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, தமிழ் படித்து, மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தவர். நோயைப் பற்றிக் கேட்பவரின் மொழியிலே பேசவேண்டும் என்பதை அவர் அத்தனை வருடத்துக்கு முன்னமே செய்துகாட்டினார். என்னைக் கேட்டால், கங்காணியின் “பின்னால வாங்கோ”வும் அதே வகைப் பேச்சுத்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நானும் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, குழியையும் கிணற்றையும் ஒரு கொப்பியில் குறித்தோம். வீட்டு இலக்கத்தின்படி எழுத நினைத்தேன். “அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ, எப்பிடி எழுதலாம்?” என்று கேட்டேன். “நான் வாளி எடுத்த வரிசையில எழுதுங்கோ ஐயா, எனக்கு ஒண்டும் தவறாது” என்றார். அப்படியே எழுதினேன்.

2020இல், கொரோனாக் காலத்தில், அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாசற்கதவுகளில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினார்கள். நான் ஓய்வு பெற்று வருடக்கணக்காகியிருந்தது. பிறகு மழை தொடங்க, இளம் பரிசோதகர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு பகுதியில் செங்கண்மாரி, இடம் பிடிபடவில்லை என்றார். கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “ஐயா, இதில வீட்டு இலக்கம் ஒழுங்காயில்லையே” என்றார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு நானும் அவரோடு போனேன். முன்தெருவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொல்லிவிட்டு, பின் ஒழுங்கையால் நடந்தோம்.