அடுப்புக்கு மேல விரிச்ச குடை

தேயிலைத் தோட்டத்து மேடைக்கு நகைச்சுவை நாடகம் எழுத வருகிறவர்கள் முதலில் பஞ்ச் வசனத்தைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது அதன் கடைசிச் சொல்லை.

அடைமழை. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், அத்தையும் மருமகனும்.

“குடைய எங்கடா வச்ச?”

“விரிச்சு வச்சிருக்கேன் அத்தை.”

“வீட்டுக்குள்ளயா? எங்கடா விரிச்ச?”

“அடுப்புக்கு மேல.”

அவ்வளவுதான். “தகரம் ஒழுகுதுல்ல, அதான்” என்று ஒரு வரி சேர்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். லயத்தில் பிறந்தவருக்குக் கூரையைப் பற்றி விளக்கம் எதற்கு? “அடுப்புக்கு மேலதான் விரிச்சு வச்சிருக்கேன்” என்றாலும் கெட்டது. தமிழில் வினை கடைசியில் வந்து உட்காரும். சிரிக்க வைக்கும் சொல் அதன் அடியில் மாட்டி நசுங்கும்.

அந்தச் சொல் விழுந்ததும் இரண்டு மூன்று விநாடி நடிகர் அசையக் கூடாது. அடுத்த வசனத்தில் கதைக்குத் தேவையான சேதியை வைக்காதீர்கள், சிரிப்புச் சத்தத்தில் போய்விடும். கோயில் திருவிழா மேடையில் பெரும்பாலும் ஒரு மைக்தான். நடிகர் அதைவிட்டு விலகி நடக்கும் இடத்தில் முக்கியமான சொல்லை எழுதாதீர்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால், 10 நிமிட நாடகத்துக்கு 8 பக்கம் போதும். மிச்சத்தைச் சிரிப்பு எடுத்துக்கொள்ளும்.

திரைக்கு எழுதும்போது அந்த நாலு வரியும் வேண்டாம். கொதிக்கும் சோற்றுப் பானை, மேலே குடை, கம்பி நுனியில் சொட்டும் தண்ணீர். அத்தை வருகிறார், பார்க்கிறார், குடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துகிறார்.

எஸ். ராம்தாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற இலங்கை வானொலி நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ படமானது. முகமே தெரியாத வானொலியில் ஆளை அடையாளம் காட்டியது பேச்சு வழக்கு: மரிக்கார் ஒரு மாதிரி, அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், உபாலி சிங்களச் சாயல், ஐயர் இன்னொரு மாதிரி. பெயர்களை மறைத்துவிட்டு உங்கள் பிரதியை வாசித்துப் பாருங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாவிட்டால் திருப்பி எழுதுங்கள்.

குடிகாரனையும் கறுத்த பெண்ணையும் வைத்துச் சிரிக்கவைப்பது சுலபம், அதை விட்டுவிடுங்கள். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று, பறித்து வந்த கொழுந்தின் எடையில் கிலோ கழிக்கும் தராசடியில் எழுத எவ்வளவோ இருக்கிறது.

ஒத்திகைக்கு வெளியாட்களைக் கூப்பிடுங்கள். சொந்தக் குழு எதற்கும் சிரிக்கும். மலையிறங்கி வந்த நாலு பெண்கள் சிரித்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு ஒத்திகையிலும் கோடு விழாத வரியை வெட்டுங்கள்.