கரி கிடந்தால் மட்டும் சுரங்கம் ஆகிவிடாது

கரி என்றால் எங்கள் ஊரில் முதலில் சிரட்டைக்கரிதான். திருவட்டாறு பக்கத்துக் கொல்லப்பட்டறையில் ரப்பர் பால்வெட்டும் கத்தியைக் காய்ச்சி அடிக்க அது போதும். அந்தக் கத்திக்கான இரும்பைத் தாதுவிலிருந்து எடுக்க வேறு கரி வேண்டும். ஊதுலைக்குள் சூடு தந்தால் மட்டும் பற்றாது. மேலே கொட்டுகிற தாதுவின் பாரத்தையும் தாங்க வேண்டும், நொறுங்காமல் நின்று காற்று மேலே போக வழியும் விட வேண்டும். நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டால் கிடைக்கிற கெட்டிக் கரிக்குக் கோக் என்று பெயர். அப்படிப்பட்ட கோக் தருவதுதான் கோக்கிங் நிலக்கரி. நம் நாட்டில் ஜார்க்கண்டின் ஜாரியாவில் நிறைய உண்டு, ஆனால் சாம்பல் அதிகம். அதனால் தேவையில் முக்கால் பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது, முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து.

தன்பாத்தில் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பொடித்த கரியில் ஒரு கிராம் எடுத்து, மூடி போட்ட சின்ன மூசையில் வைத்து, இரண்டரை நிமிடத்தில் 820 டிகிரிக்குக் கொண்டுபோவோம். சாதாரணக் கரி பொடியாகவே கிடக்கும். நல்ல கோக்கிங் கரி இளகி, ஆப்பம் மாதிரி பொங்கி, கெட்டியான ஒரு பொத்தானாக நிற்கும். அதை அளவுப்படங்களோடு வைத்துப் பார்த்து 9 வரை எண் கொடுப்போம். துளையிட்டு எடுத்த மாதிரிகளில் அந்த எண் நன்றாக வந்தால் மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் அதை வைத்துச் சுரங்கம் நடந்துவிடாது. மார்த்தாண்டத்தில் இருக்கும் அக்கா மகனுக்கு மொசாம்பிக்கில் மொவாட்டிசே பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. "மாமா, அங்க அவ்வளவு கரி கெடக்காம். பெறவு என்ன பயம்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

அதே வட்டாரத்தில் 2011-ல் ரியோ டின்டோ என்ற பெரிய சுரங்க நிறுவனம் ஏறக்குறைய 370 கோடி டாலர் கொடுத்து ஒரு கோக்கிங் கரித் திட்டத்தை வாங்கியது. சாம்பேசி ஆற்றில் படகுகளில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோய்விடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அரசு அனுமதி தரவில்லை. எதிர்பார்த்த அளவுக்குக் கோக்கிங் கரியும் தேறவில்லை. 2013 ஜனவரியில் சுமார் 300 கோடி டாலரை நட்டமாக எழுதினார்கள், தலைமை அதிகாரியும் பதவி விலகினார். மறு வருடம் நம் பொதுத்துறை நிறுவனங்களின் கூட்டமைப்பு அதை 5 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது பக்கத்துச் சுரங்கத்தை வைத்திருந்த பிரேசில் நிறுவனமான வாலே, மலாவி வழியாக நக்காலா துறைமுகம் வரை 900 கிலோமீட்டருக்கு மேல் ரயில் பாதையைப் புதிதாகப் போட்டும் பழையதைச் சீராக்கியும் அமைக்க வேண்டி வந்தது. கரியைக் கழுவிச் சாம்பலைக் குறைக்கும்போது எவ்வளவு தேறும், அதைக் கடல் வரை கொண்டுபோக என்ன செலவாகும், இந்த இரண்டும் தெரியாமல் பூமிக்கடியில் கிடக்கும் டன் கணக்கைச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

அப்புறம், அங்கே குடியிருந்தவர்கள். இந்த இரண்டு சுரங்கங்களுக்காக 2009 முதல் 2012 வரை 1,429 குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். காட்டேமே என்ற இடத்துக்குப் போனவர்களுக்கு விளையாத மண்தான் வாய்த்தது, தண்ணீருக்கும் திண்டாட்டம். 2012 ஜனவரியில் அவர்கள் கரி ரயிலையே மறித்தார்கள். கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் கனிமம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நம் கடற்கரை ஊர்கள் எழுந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் விளங்கும். திட்ட அறிக்கையில் நிலம் கையகப்படுத்துதல் என்று ஓர் அத்தியாயம் கடைசியில் கிடக்கும். நானாக இருந்தால் அதை முதல் பக்கத்தில் வைப்பேன்.

அக்கா மகன் போகட்டும், நல்ல வேலைதான். போன உடனே கழுவிய கரி எவ்வளவு தேறுகிறது என்ற கணக்கைக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். லீவு நாளில் காட்டேமேக்கும் ஒரு நடை போய், தண்ணீர் வருகிறதா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னேன்.