கிரவுனுக்கு ஊற்றும் ஆயிலை கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள்

செகண்டிலிருந்து தேர்டுக்குப் போடும்போதெல்லாம் கர்ர் என்று ஒரு சத்தம், வண்டி நன்றாகச் சூடான பிறகும் போகவில்லை. கிளட்ச்தான் சரியாக விடவில்லை என்று நினைத்து முதலில் அதைப் பார்த்தோம், அதில் குறை எதுவும் இல்லை.

கியர் பாக்ஸ் ஆயிலை இறக்கியதும் மெக்கானிக் அண்ணன் விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். ஜரிகையை அரைத்துக் கலந்த மாதிரி பொன்னிறத்தில் மினுமினுத்தது. கியர் மாற்றும்போது இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்கும் வளையம், அதாவது சிங்க்ரோ ரிங்கின் பித்தளை அது. ஆயிலை இறக்கும் அடிப் பிளக்கான டிரெயின் பிளக்கின் காந்தத்தில் கொஞ்சம் சாம்பல் நிறப் பசைதான் இருந்தது, அது இரும்புத் தேய்மானம், எல்லா வண்டியிலும் இருக்கும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, அதனால் பிளக்கை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ஆயிலையும் பாருங்கள்.

போன சர்வீஸில் கிரவுனுக்கும் (சக்கரங்களைச் சுற்ற வைக்கும் அச்சில் இருக்கும் பல்சக்கரங்கள்) கியர் பாக்ஸுக்கும் ஒரே வாளியிலிருந்துதான் ஊற்றியிருக்கிறார்கள். கேட்டால் "ரெண்டும் 90 ஆயில்தானே" என்கிறார்கள். 90 என்பது கெட்டித்தன்மை மட்டும்தான். அதோடு ஜிஎல்-4ஆ, ஜிஎல்-5ஆ என்று அழுத்தம் தாங்கும் தரத்தையும் பார்க்க வேண்டும். கிரவுன் வீலும் பினியனும் ஒன்றின் மேல் ஒன்று அழுத்தி வழுக்கிக்கொண்டே சுற்றுகின்றன, அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் ஜிஎல்-5ல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து, ஜிஎல்-4ல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிரவுனுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் சிங்க்ரோ ரிங் கியரோடு இருக்கும் கோனை (கூம்பு வடிவப் பகுதி) இறுக்கிப் பிடித்தால்தான் இரண்டு பக்க வேகமும் ஒன்றாகி கியர் விழும், அங்கே வழவழப்பு கூடினால் பிடி கிடைக்காது. சில வகைக் கந்தக மருந்து சூட்டில் பித்தளையையே அரிக்கும்.

எல்லா கியர் பாக்ஸுக்கும் ஜிஎல்-4தான் என்று சொல்ல மாட்டேன். மாலிப்டினம் பூசிய சிங்க்ரோ ரிங்கும் இருக்கிறது, கம்பெனியே வேறு ஆயில் சொல்லும் பாக்ஸும் இருக்கிறது. அமெரிக்க லாரிகளில் வரும் பெரும்பாலான ஈட்டன் ஃபுல்லர் பாக்ஸில் மெயின் கியர்களுக்கு சிங்க்ரோ கிடையாது, அதற்கு 50 கிரேடு சிந்தெடிக் ஆயில். இசட்எஃப் கம்பெனி பாக்ஸ் என்றால் அவர்களே டிஇ-எம்எல் 02 என்று பட்டியல் வெளியிடுகிறார்கள், கேனில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். வண்டியோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுங்கள், கடைக்காரர் சொல்வதெல்லாம் அப்புறம்தான்.

அப்புறம் இன்னொன்று, 90 என்றதும் 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு, கியர் ஆயில் 90 ஏறக்குறைய எஞ்சின் ஆயில் 40, 50 அளவுக்குத்தான் வரும்.

ஆயில் மாற்றும்போது முதலில் ஊற்றுகிற பக்கத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்து, அதற்குள் கீழே ஆயிலை இறக்கிவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஓடி வந்த சூட்டோடு இறக்கினால் அடியில் தங்கிய பொடியும் சேர்ந்து வந்துவிடும். லெவல் பிளக் ஓட்டையின் விளிம்பு வரை ஊற்றினால் போதும்.

ரிங் செட் மாற்றி, புத்தகத்தில் சொன்ன 80டபிள்யூ-90 ஜிஎல்-4 ஊற்றியாயிற்று, தேர்டு இப்போது இரண்டு விரலில் விழுகிறது. கிரவுன் ஆயில் கேனில் சிவப்பு பெயிண்ட் அடித்துத் தனியாக வைத்திருக்கிறேன்.